நான்காவது கவர்

6 ஆகஸ்ட் 1973, திங்கள்

ஆய்வு இன்று தொடங்கிவிட்டது. வேப்பேரியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனதில் கால் வீங்கியிருக்கிறது. பெருமையில் அது வீட்டுக்கு வரும்வரை தெரியவில்லை.

பிரசவ ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும், மருந்து ஸ்டாக் சரிபார்க்க வந்தவள் என்று நினைத்து இரண்டு பேர் அவசரமாக அலமாரியைப் பூட்டினார்கள். புள்ளியியல் என்றால் என்னவென்று இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் முதல் பெண்ணாகச் சேர்ந்தபோது எனக்கு டைப்ரைட்டர் மேஜையைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்று தங்கள் ஆய்வுக்கு என் கையெழுத்து கேட்டு வாசலில் நிற்கிறார்கள். இதை இங்கே மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

குறைமாதத்தில் எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சூடு கொடுப்பதுதான் வழக்கம். குழந்தை மருத்துவர் திருஞானம், பெட்டியே வேண்டாம், தாயின் மார்போடு தோல் படும்படி சேலையால் கட்டி வைத்தாலே பிழைக்கும் என்கிறார். எது நல்லது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் ஆய்வு. எந்தக் குழந்தை எதற்குப் போகும் என்பதை மனிதர் எவரும் முடிவு செய்யக் கூடாது. ஒட்டிய கவருக்குள் இருக்கும் சீட்டுதான் சொல்லும், ‘பெட்டி’ அல்லது ‘தாய்’. கவர்களுக்கு நானே எண் போட்டு, நானே ஒட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலும் தெரியாதபடி உள்ளே சிகரெட் பெட்டி வெள்ளித்தாளை மடித்து வைத்திருக்கிறேன். அதற்காக ஒரு மாதமாக ஆபீஸ் ஆண்களிடம் காலி சிகரெட் பெட்டி கேட்டு அலைந்தது பெரிய வேடிக்கை.

மதியம் வார்டு நர்ஸுகளுக்கு அரை மணி நேரம் பேசினேன். தலைமை நர்ஸ் சிஸ்டர் குணவதி செங்கல்பட்டுக்காரி, முப்பது வருஷ சர்வீஸ், கூர்மையான கண். குலுக்கலில் எல்லாக் குழந்தையும் ஒரே வாரத்தில் பெட்டிப் பக்கம் வந்துவிட்டால் ஆறு பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டாள். வார்டில் என்னிடம் யாரும் இதுவரை கேள்வி கேட்டதில்லை. சமையற்கட்டிலிருந்து புளியங்கொட்டை வரவழைத்து, நான்கு நான்காக அடுக்கிக் காட்டினேன். ஒவ்வொரு நான்கிலும் இரண்டு பெட்டி, இரண்டு தாய், வரிசை மட்டுமே குலுக்கல், எந்தப் பக்கமும் சாயாது. சட்டென்று புரிந்துகொண்டாள். இப்படிப்பட்ட ஒரு பெண்ணைக் கல்லூரியில் சேர்த்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள். ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினாள்.

9 ஆகஸ்ட், வியாழன்

பால்காரி கன்னியம்மா தண்ணீர் கலக்கிறாள் என்று நிச்சயமாகத் தோன்றுகிறது. லாக்டோமீட்டர் வாங்கி வந்தேன். இன்று பால் சுத்தம்.

13 ஆகஸ்ட், திங்கள்

இன்றும் சுத்தம். நான் அளக்கிற நாள் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

17 அக்டோபர், புதன்

காலையில் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. விசிறி இல்லாமல் கணக்கு மெஷினின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் விட்டுப்போயிற்று.

இயக்குநர் டாக்டர் பரமேசுவரன் கூப்பிட்டனுப்பினார். மார்ச்சில் டெல்லியில் பெரிய கூட்டம் நடக்கிறது, இந்த ஆய்வின் முடிவை நான்தான் படிக்க வேண்டுமாம். ஏப்ரலில் துறைத் தலைவர் ஓய்வு பெறுகிறார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “அந்த நாற்காலியில இதுவரைக்கும் ஒரு லேடியை உட்கார வச்சதில்லை, மிஸ் தேவசகாயம். இந்த ஆய்வு நல்லபடியா முடிஞ்சா ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது.”

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ரொம்பவும் வேண்டும்.

சாயங்காலம் திருஞானம் என் அறைக்கு வந்தார். முப்பத்துநான்கு வயது, எப்போதும் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நடப்பவர். ஆய்வு எப்படிப் போகிறது என்று விசாரித்தார். பாதியில் சொல்ல மாட்டேன் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் ஏன் கேட்க வேண்டும்? தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே ஒரு பெட்டி மைசூர்பாகு வைத்துவிட்டுப் போனார். முன்கூட்டி வரும் பலகாரத்தை நான் தொடுவதில்லை. எறும்பு தின்றது.

12 நவம்பர், திங்கள்

பாதிக் குழந்தைகளின் கணக்கு வந்துவிட்டது. தாய்ப் பக்கம் பிரமாதம். பெட்டிப் பக்கத்தில் இறந்த குழந்தைகள் தாய்ப் பக்கத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். டெல்லியில் படித்தால் கைத்தட்டல் நிற்காது.

இவ்வளவு நல்ல விடை வந்தால் நான் முதலில் விடையை நம்புவதில்லை. கவர் திறப்பதற்கு முன்பு எடுத்த எடைகளை எல்லாம் தனியாகக் கூட்டினேன். குலுக்கல் சரியாக நடந்திருந்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எடையாக இருக்க வேண்டும். இல்லை. பெட்டிக்குப் போன குழந்தைகள் தொடக்கத்திலேயே சோனி. தாயிடம் போனவை கொழுகொழு. தற்செயலாக ஒன்றிரண்டு அப்படி விழும், இத்தனை விழாது. யாரோ கை வைக்கிறார்கள்.

பெட்டி தோற்றால் யாருக்கு லாபம்? பாட்டு முணுமுணுப்பவருக்குத்தான்.

14 நவம்பர், புதன்

மிச்சமிருந்த கவர்களில் நாலைந்தை ஜன்னல் வெயிலில் பிடித்தேன், பெரிய பல்புக்கு முன்னால் பிடித்தேன், கெட்டில் ஆவியில் காட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. பிரித்தால் கிழிகிறது. திறந்து அனுப்பிய பழைய கவர்களில் என் பசையும் என் கையெழுத்தும்தான் இருக்கின்றன.

ஒருவேளை அதே மாதிரி கவரை வாங்கி, என் கையெழுத்தைப் போட்டு ஒட்டுகிறாரோ? ஆபீஸ் விட்டதும் ஸ்டேஷனரி கடைக்குப் போய்ப் பார்த்தேன். அதே பழுப்புக் கவர் தாராளமாகக் கிடைக்கிறது. கண்ணாடி போட்ட டாக்டர் யாராவது வாங்கினாரா என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நான்கு நான்காகக் கட்டியிருக்கும் விஷயம் எனக்கும் இயக்குநருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. கட்டின் அளவை வார்டுக்குச் சொல்லவே கூடாது என்று பயிற்சிக் கையேட்டில் எழுதி வைத்தவளே நான்தான். ஆகவே அந்த வழி அடைபட்டது. வேறு வழியில்தான் செய்கிறார்.

20 நவம்பர், செவ்வாய்

சொல்லாமல் கொள்ளாமல் வார்டுக்குப் போய் நின்றேன். நினைத்தபடியே திருஞானம் அங்கே இருந்தார். ஒரு தாயின் சேலை முடிச்சைச் சரி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பாட்டு நின்றது.

அவர் போன பிறகு சிஸ்டர் குணவதியை ஓரமாக அழைத்து, டாக்டர் கவர்களைத் தொடுவதுண்டா என்று கேட்டேன். “அவரு ஏன் மேடம் தொடணும்? கவர் என் பொறுப்பாச்சே,” என்றாள். பதில் ரொம்ப வேகமாக வந்தது. வார்டில் எல்லாருக்கும் அவர்மேல் பிரியம், காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

சிஸ்டரின் வேலையை மட்டும் குறை சொல்ல முடியாது. விடியற்காலையில் பிறந்த ஒரு பொடிக் குழந்தை கம்பளியில் சுருண்டு கிடந்தது. அதற்குப் பின்னால் பிறந்த சற்றுத் தேறிய குழந்தையின் தாயை முதலில் கூப்பிட்டு எழுதி, கவரைப் பிரித்தாள். ஏன் என்றேன். “அது கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் மேடம், அதுக்கப்புறம் அதை எழுதலாம்,” என்றாள். பிரித்த சீட்டில் ‘தாய்’ என்று இருந்தது. எவ்வளவு கரிசனமாகப் பார்த்துக்கொள்கிறாள். இஞ்சி தட்டிப் போட்ட டீ கொடுத்தாள்.

3 டிசம்பர், திங்கள்

இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். பெயரை நானாகச் சொல்லவில்லை. வார்டில் கவர் வரிசை கெடுகிறது, ஆய்வின் முடிவில் சொந்த ஆர்வம் உள்ள ஒருவர் அடிக்கடி அங்கே இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிய அது போதும். என்ன ஆதாரம் என்றுகூட அவர் கேட்கவில்லை. “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார்.

இருபத்தாறு வருஷம் உழைத்துச் சம்பாதித்த வார்த்தை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

10 டிசம்பர், திங்கள்

திருஞானத்துக்குத் திருத்தணிக்கு அப்பால் ஒரு கிராம சுகாதார நிலையத்துக்கு மாற்றல். நிர்வாகக் காரணம் என்று போட்டிருக்கிறார்கள். என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தார். மனைவி ஏழு மாதம், இப்போது எப்படி அழைத்துப்போவது என்று யோசனையாக இருக்கிறதாம். எழுந்து போகும்போது, “கவர் எல்லாம் உங்க கையில இருக்கு மேடம், அதனால நான் கவலையில்லாம போறேன்,” என்றார்.

குத்திக் காட்டுகிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கெட்டிக்காரர்களின் முகத்தில் எதுவும் தெரியாது.

25 டிசம்பர், செவ்வாய்

ஆராதனைக்குப் போய் வந்தேன். ஆயர் மாட்டுத் தொழுவத்து முன்னணையில் கிடத்திய பாலகனைப் பற்றி உருக்கமாகப் பேசும்போது, குழந்தையின் எடை என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கேக்கில் முந்திரி குறைவு, பேக்கரிக்காரன் ஏமாற்றிவிட்டான்.

4 பிப்ரவரி 1974, திங்கள்

திருஞானம் போன பிறகு சேர்ந்த குழந்தைகளின் எடைகள் வந்தன. பிரித்துக் கூட்டினேன்.

அதே சாய்வு. முன்னைவிடக் கொஞ்சம் அதிகம்.

5 பிப்ரவரி, செவ்வாய்

மறுபடி கூட்டினேன். மெஷின்மேல் சந்தேகப்பட்டு, கையாலும் போட்டுப் பார்த்தேன்.

6 பிப்ரவரி, புதன்

திருத்தணியில் உட்கார்ந்துகொண்டு அவர் இதைச் செய்ய முடியாது. வேறு யாரையாவது ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருப்பாரோ என்று பகல் முழுக்க ஒரு கதை கட்டிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு அசட்டுத்தனமான கதை என்பது டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. அதற்காக அதை விட்டுவிட்டேன் என்றும் சொல்ல முடியாது.

அவர் மனைவிக்கு இந்த மாதம் பிரசவம்.

9 பிப்ரவரி, சனி

மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடையில் நின்றேன். வரிசை தெருமுனை வரை. எனக்கு முன்னால் சிவப்புப் புடவை கட்டிய ஒரு பெண்மணி. கடை வாசலை நெருங்கும்போது திடீரென்று ஒதுங்கி நின்று, “நீங்க முன்னால போங்கம்மா, வயசானவங்க,” என்றாள். எனக்கு ஐம்பத்தொன்றுதான் ஆகிறது. இருந்தாலும் கால் வலியில் நன்றி சொல்லிவிட்டு முன்னால் போனேன். கிடைத்தது பீப்பாயின் அடிக்கசடு. கறுப்பாக, தண்ணீர் கலந்து. எனக்கு அடுத்து புதுப் பீப்பாயை உருட்டி வந்து திறந்தார்கள். சிவப்புப் புடவை தெளிந்த எண்ணெயை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் தம்பி அந்தக் கடையில் எடை போடுகிறவன் என்று பக்கத்தில் நின்றவள் சொன்னாள்.

ஆத்திரத்தோடு டின்னைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் டின்னைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டேன்.

அவள் பீப்பாயைத் தொடவில்லை. யாரையும் ஏமாற்றிக் குறுக்கே நுழையவும் இல்லை. அடுத்து வரப்போவது என்னவென்று தெரிந்தவள் தன் முறையை விட்டுக்கொடுத்தாள், அவ்வளவுதான். நான் மூன்று மாதமாகக் கவரையே முறைத்துக்கொண்டிருக்கிறேன். கவர்கள் ஒழுங்காகத்தான் வரிசையில் பிரிக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைகளின் வரிசைதான் மாறியிருக்கிறது. பொடிக் குழந்தை கம்பளியில் காத்திருக்க, தேறிய குழந்தை முன்னால் போய் ‘தாய்’ சீட்டை வாங்கிக்கொண்டதை என் கண்ணாலேயே பார்த்து, கரிசனம் என்று இங்கே எழுதியும் வைத்திருக்கிறேன்.

அடுத்த சீட்டு என்னவென்று வார்டில் யாருக்குத் தெரியும்? நான்கின் கட்டைத் தெரிந்தவருக்குத் தெரியும். மூன்றைப் பிரித்துவிட்டால் நான்காவதில் ரகசியமே கிடையாது.

புளியங்கொட்டை அடுக்கிய அன்று சிஸ்டர் கொடுத்த வாழைப்பழம் நன்றாக இருந்தது. அன்றைக்கே இரண்டு சாப்பிட்டேன்.

11 பிப்ரவரி, திங்கள்

சிஸ்டர் குணவதியிடம் நேராகவே கேட்டேன். பெட்டிகள் இருக்கும் அறை, நாங்கள் இருவர் மட்டும். அவள் மறைப்பாள், அழுவாள், வேறு யார்மேலாவது பழி போடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தேன். அவள் எதுவும் செய்யவில்லை.

“நீங்கதானே மேடம் புளியங்கொட்டை வச்சுக் காட்டினீங்க. மூணு கவர் பிரிச்சா நாலாவது என்னன்னு தானா தெரிஞ்சுபோகுது. நான் ஒண்ணும் திருட்டுத்தனமா பாக்கலையே.”

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

“நீங்க டாக்டரைப் பத்தித்தானே கேட்டீங்க. என்னைப் பத்திக் கேக்கலையே.”

கவர் சொன்னதை ஒரு தடவைகூடத் தான் மீறவில்லை என்றாள். எந்தக் குழந்தையை எப்போது எழுதுவது என்பது மட்டும்தான் அவள் கையில் இருந்தது. அடுத்தது ‘தாய்’ என்று தெரிந்தால் சோனிக் குழந்தையைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பாள். அடுத்தது ‘பெட்டி’ என்று தெரிந்தால் அதை உடனே எழுதுவாள். திருஞானத்தின்மேல் அவளுக்குப் பகையில்லை, ஆய்வின்மேலும் இல்லை. “கண்ணுக்கு முன்னால ஒரு உசிரு ஊசலாடுது, பெட்டி காலியா இருக்கு. சேலையில கட்டிக்கிட்டுப் போன்னு அந்தத் தாய்கிட்ட எப்படி மேடம் சொல்றது? முப்பது வருஷமா இந்தப் பெட்டியை வச்சுத்தான் காப்பாத்தியிருக்கேன்.”

நான் கோபப்படத்தான் போயிருந்தேன். கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. திருஞானம் மாற்றலாகிப் போனதற்குக் காரணம் இதுதான் என்று சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, முதல் பெட்டியின் கண்ணாடியைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கரண்ட் போகிற நாட்களில் பெட்டி சில்லிட்டுவிடும், வெந்நீர்ப் பாட்டிலைச் சுற்றி வைப்பேன், இந்த வருஷம் கரண்ட் ரொம்பப் போயிற்று என்றாள். யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அந்தப் புள்ளைங்களுக்கு நான் நல்லது பண்ணினேனா, கெட்டது பண்ணினேனா? நீங்க கணக்குப் படிச்சவங்க. சொல்லுங்க மேடம்.”

பெட்டியில் அத்தனை குழந்தைகள் இறந்தது அவை சோனியாக இருந்ததாலா, பெட்டி சில்லிட்டதாலா? தாயின் மார்பில் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா? இதைச் சொல்லக்கூடிய ஒரே ஒரு வழி உலகத்தில் உண்டு. அது இந்த ஆய்வு. அதைத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கெடுத்து வைத்திருக்கிறோம்.

தெரியாது சிஸ்டர் என்றேன். என் வேலையில் நான் சொல்லக் கூசிய முதல் ‘தெரியாது’ அதுதான்.

12 பிப்ரவரி, செவ்வாய்

ஆபீஸுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன்.

ஒரு வழி இருக்கிறது. குழந்தைகளின் எடையைக் கணக்கில் சேர்த்து, சாய்வைத் திருத்தி, விடையை நேராக்கிவிடலாம். அதற்கான சூத்திரத்தை இந்த ஊரில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். காகிதத்தில் அழகாக வரும். டெல்லியில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். சிஸ்டர் பேச மாட்டாள். நாற்காலி கிடைக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு திருஞானத்தைத் திரும்ப வரவழைத்தும்விடலாம். காலையிலிருந்து மத்தியானம் வரை இந்த நினைப்போடு வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

ஆனால் சிஸ்டர் எடையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. மூச்சைப் பார்த்தாள், உதட்டின் நிறத்தைப் பார்த்தாள், அழுகையின் பலத்தைக் கேட்டாள். முப்பது வருஷக் கண். அந்தக் கண் பார்த்ததை யாரும் எண்ணாக எழுதவில்லை. எழுதாததைச் சூத்திரத்தால் திருத்த முடியாது. இது எனக்குத் தெரியும் என்பதுதான் தொல்லை.

அதுவும் போக, அந்த முடிவை நம்பி நாளைக்கு எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் பெட்டியை மூடிவிடுவார்கள். அல்லது திறப்பார்கள். ஏதோ ஒரு குழந்தை அதன்படி படுக்கும்.

சாயங்காலம் கன்னியம்மா வந்தாள். லாக்டோமீட்டரை எடுக்கவில்லை. “இன்னிக்கு என்னாம்மா, ஊசியைக் காணோம்?” என்று கேட்டாள். ஆறு மாதமாக அவளுக்கும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

13 பிப்ரவரி, புதன்

இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புளியங்கொட்டையை முதலில் சொன்னேன், சிஸ்டரை அதற்குப் பிறகு. பிறகு, எடையை வைத்துத் திருத்த முடியாதா என்று கேட்டார். அவரும் கெட்டிக்காரர்தான். முடியாது என்றேன். டெல்லிக்கு என்ன சொல்வது என்றார். குலுக்கல் உடைந்துவிட்டது, உடைத்தது நான், ஆய்வை மறுபடி தொடங்க வேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

“நாற்காலியைப் பத்தி யோசிச்சீங்களா?” என்று கேட்டார். யோசித்தேன் என்று உண்மையைச் சொன்னேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வேப்பேரி வரை அழுதேன்.

2 மார்ச், சனி

திருத்தணிக்கு ரயிலில் போய், அங்கிருந்து பஸ், அப்புறம் நடை. ஓட்டுக் கட்டடம், வாசலில் ஆடுகள். திருஞானம் ஒரு கிழவரின் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பாட்டு இல்லை.

ஆண் குழந்தை, எட்டு நாள் ஆகிறதாம். தாயும் பிள்ளையும் சுகம் என்றதும் எனக்கு உட்கார வேண்டும்போல் ஆகிவிட்டது. எடையைக் கேட்கவில்லை.

நான் செய்ததை நின்றபடியே சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “என்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கலாமே மேடம்,” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவருடைய மாற்றலை ரத்து செய்ய இயக்குநர் ஒப்புக்கொண்டதைச் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். கிளம்பும்போது, புது ஆய்விலும் தாய்ப் பக்கம் ஜெயிக்கும் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். முதல் தடவையாகச் சிரித்தார்.

6 மே, திங்கள்

துறைத் தலைவர் உத்தரவு வந்துவிட்டது. டெல்லியிலிருந்து ஒருவர் வருகிறார், என்னைவிடப் பதினொரு வயது இளையவர். நல்ல மனிதர் என்கிறார்கள். அதுவும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

10 ஜூன், திங்கள்

புது ஆய்வு இன்று தொடங்கியது. திருஞானம் போன வாரம் திரும்பிவிட்டார். என்னோடு அளவாகத்தான் பேசுகிறார், அது நியாயம்தான்.

இந்த முறை கவர்கள் வார்டில் இல்லை, என் அறை இரும்பு அலமாரியில். குழந்தை பிறந்ததும் எடையும் நேரமும் எழுதிவிட்டு வார்டிலிருந்து எனக்கு டெலிபோன் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு நான் கவரைத் திறந்து சொல்வேன். கட்டுகளின் அளவு ஒன்றுபோல் இல்லை. வரிசையை எனக்கே தெரியாமல் கோயம்புத்தூரில் இருக்கும் என் பழைய மாணவி போட்டு, ஒட்டி அனுப்பினாள். இனி இதில் யாரும் நுழைய முடியாது என்று இயக்குநரிடம் சொன்னபோது குரலில் பழைய பெருமை கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

பதினொரு மணிக்கு டெலிபோன் அடித்தது. சிஸ்டர் குணவதி. அவளை வார்டிலிருந்து மாற்ற வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். குழந்தையின் எடையைச் சொன்னாள். நான் எழுதியதை மறுபடி பார்த்தேன், அவ்வளவு குறைவு. பெண் குழந்தை, உதடு நீலமாக இருக்கிறது, பெட்டி காலியாக இருக்கிறது என்றும் சொன்னாள். அதையெல்லாம் சொல்லக் கூடாது என்பது விதி. நானும் கேட்டுவிட்டேன்.

கவரைத் திறந்தேன். ‘தாய்’ என்று இருந்தது.

அறையில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. அடுத்த கவர் விரல் தொடும் தூரத்தில் இருந்தது. அதைத் திறந்து பார்த்துவிட்டு இதை அதற்குப் பின்னால் வைத்தால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. வெள்ளித்தாள், பசை, கையெழுத்து, கோயம்புத்தூர், எதுவும் தடுக்காது. என் கை அடுத்த கவரின்மேல் இருந்தது. அது எப்போது அங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

“மேடம், இருக்கீங்களா?” என்றாள் சிஸ்டர்.

“தாய்,” என்றேன்.

“இன்னொரு தடவை பாருங்க மேடம்,” என்றாள்.

பார்த்தேன். “தாய்தான் சிஸ்டர்.”

“சரிங்க மேடம்,” என்று வைத்துவிட்டாள்.

இரும்பு அலமாரியைப் பூட்டி, சாவியை இயக்குநரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இனி கவரைத் திறக்கும்போது நான் தனியாக இருக்கக் கூடாது, கூட ஒருவரை உட்கார வையுங்கள் என்றேன். யார்மேல் சந்தேகம் என்று கேட்டார். சொன்னேன்.